ஜெயித்த ஆட்டத்தை அழிக்க எதற்கு ஒரு பட்டன்? பிங்கோ பின்பால் மெஷினின் கதை

1950-களின் அமெரிக்கா. ஒரு சின்ன மதுக்கடை. மூலையில் நான்கு கால்களோடு நீளமான ஒரு பெட்டி. மேலே கண்ணாடி மூடி. பின்னால் நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிப் பலகை; அதில் கடற்கரை, பனைமரம், நீச்சலுடைப் பெண்கள். உள்ளே பல்புகள் மினுங்குகின்றன. 5 சென்ட் நாணயத்தைப் போட்டால் ஆட்டம் ஆரம்பம். ஜெயித்தால் காசு கொட்டாது, இலவச ஆட்டம்தான் கிடைக்கும். 'அட, வெறும் விளையாட்டுதானே!' என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும்.

ஆனால், சட்டென்று கண்ணில் படாத இடத்தில், பெரும்பாலும் பெட்டியின் அடிப்பக்கத்தில், ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால், ஆடியவர் ஜெயித்துச் சேர்த்த இலவச ஆட்டங்கள் எல்லாம் மளமளவென்று குறைந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

கஷ்டப்பட்டு ஜெயித்ததை அழிக்க எதற்குத் தனியாக ஒரு பட்டன்? பிங்கோ பின்பால் மெஷினின் மொத்தக் கதையும் இந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

இது எந்த வகைப் பின்பால்?

பின்பால் என்றதும் நினைவுக்கு வருவது, கீழே விழப்போகும் பந்தை இரண்டு குட்டித் துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்பும் ஆட்டம். அந்தத் துடுப்புகளுக்கு ஃப்ளிப்பர் என்று பெயர். 1947-ல் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில்தான் அவை முதலில் வந்தன.

பிங்கோ மெஷினில் ஃப்ளிப்பரே கிடையாது. சாய்வான பலகையில் 1 முதல் 25 வரை எண்ணிட்ட 25 குழிகள் இருக்கும். ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டால் பந்து மேலே போய், ரப்பர் சுற்றிய கம்பங்களிலும் ஸ்பிரிங்குகளிலும் முட்டி மோதி, ஏதாவது ஒரு குழியில் விழுந்து உட்காரும். 14-ம் எண் குழியில் விழுந்தால், எதிரே உள்ள பலகையில் 14 ஒளிரும். எந்தக் குழியிலும் விழாமல் அடிவரை வந்துவிட்டால், அதே பந்தைத் திரும்ப அடிக்கலாம்.

எதிர்ப் பலகையில் 25 எண்களும் 5-க்கு 5 கட்டமாகக் கலைந்து கிடக்கும். மொத்தம் 5 பந்துகள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து மூன்று, நான்கு, ஐந்து எண்கள் ஒளிர்ந்தால் அதற்கேற்ப இலவச ஆட்டங்கள். காகித அட்டையில் ஆடும் பிங்கோவேதான். எண்ணை யாரும் கூவுவதில்லை, பந்து தேர்ந்தெடுக்கிறது.

சட்டத்தின் இடுக்கில் பிறந்த மெஷின்

இந்த மெஷின்கள் வந்த ஆண்டு 1951. சிகாகோவின் பாலி நிறுவனம் 'பிரைட் லைட்ஸ்' மெஷினையும், அதே ஊரின் யுனைடெட் நிறுவனம் 'ஏ-பி-சி' மெஷினையும் சந்தைக்கு விட்டன. ஏன் சரியாக 1951?

அந்த ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்காவில் 'ஜான்சன் சட்டம்' கையெழுத்தானது. சூதாட்ட மெஷின்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அனுப்ப அது தடை போட்டது. சிகாகோவில் செய்து நாடு முழுக்க விற்றுப் பிழைத்த கம்பெனிகளுக்கு இது பெரிய அடி.

ஆனால் சட்டத்தில் ஒரு வரையறை இருந்தது. சின்னங்கள் பொறித்த உருளையோ சக்கரமோ முக்கியப் பாகமாக இருந்து, அதிர்ஷ்டத்தின் பேரில் பணமோ பொருளோ தரும் மெஷினைத்தான் அது குறிவைத்தது. அதாவது, எல்லோருக்கும் தெரிந்த ஸ்லாட் மெஷினை. பிங்கோவில் எலுமிச்சை, செர்ரிப் படம் போட்ட உருளை இல்லை. பந்துதான் ஓடுகிறது. மெஷின் வாயிலிருந்து ஒரு காசும் வெளியே வராது. அப்படியென்றால் இது சூதாட்டம் இல்லைதானே?

காகிதத்தில் பார்த்தால் இல்லை. நடப்பில் கதை வேறு. 200 இலவச ஆட்டம் ஜெயித்தவர் கடைக்காரரைப் பார்ப்பார். ஆட்டம் ஒன்றுக்கு 5 சென்ட் வீதம் 10 டாலர் கைமாறும். பணம் கொடுத்த கடைக்காரர் அந்த ரகசிய பட்டனை அழுத்துவார். 200 பூஜ்யமாகும். அதே நேரத்தில், உள்ளே இருக்கும் மீட்டர் ஒன்று அழிந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும். மெஷினின் சொந்தக்காரர் வசூலுக்கு வரும்போது அந்த மீட்டரைப் பார்த்து, கடைக்காரர் கொடுத்த பணத்தைக் கழித்துவிட்டு, மீதியை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

பந்து ஓடும் முன்பே ஆட்டம் தொடங்கிவிடும்

பிங்கோவின் உண்மையான சூட்சுமம் பந்தில் இல்லை, நாணயத் துளையில் இருக்கிறது.

ஒரு நாணயம் போட்டாலே 5 பந்தையும் ஆடலாம். ஆனால் பந்தை அடிக்காமல் அடுத்த நாணயத்தைப் போட்டால், பரிசு விகிதம் ஏறக்கூடும். மூன்று எண்ணுக்குக் கொஞ்சமாக இருந்த பரிசு கூடலாம். ஐந்து எண்ணுக்குச் சில நூறு ஆட்டங்கள் வரை போகலாம். இன்னொரு நாணயத்துக்கு ஏதாவது ஒரு சிறப்பு வசதி கிடைக்கலாம். பிற்கால மாடல்களில், கட்டத்தில் உள்ள எண் வரிசைகளையே நகர்த்தி, பிரிந்து கிடக்கும் எண்களை ஒரே கோட்டுக்குக் கொண்டுவரும் வசதிகூட வந்தது. பாலியின் முக்கிய வடிவமைப்பாளர் டான் ஹூக்கர் இதுபோன்ற வசதிகளை மாடலுக்கு மாடல் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போனார்.

கவனிக்க வேண்டியது அந்த 'லாம்' என்ற விகுதி. நாணயம் போட்டால் கட்டாயம் ஏறும் என்பதில்லை. ஒருமுறை ஏறும், அடுத்த மூன்று முறை அசையாது. ஒரு பந்துகூட அடிக்காமல் பத்து, இருபது நாணயங்களைப் போட்டுக்கொண்டே நிற்பவர்கள் உண்டு. பார்ப்பதற்குப் பந்து விளையாட்டு. நடப்பது ஸ்லாட் மெஷின் ஆட்டம்.

கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி?

இதில் சிப் இல்லை, புரோகிராம் இல்லை. ஏகப்பட்ட ஒயர், மின்காந்தத்தால் திறந்து மூடும் ரிலே ஸ்விட்சுகள், மோட்டாரால் சுழலும் தட்டுகள், அவ்வளவுதான்.

நாணயம் விழுந்ததும் ஒரு மோட்டார் ஒரு முழுச் சுற்று சுற்றும். அதோடு இணைந்த 'மிக்ஸர்' தட்டுகளும் நகரும். ஒவ்வொரு தட்டிலும் வட்டமாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள். அவற்றின் மேல் உரசியபடி உலோக விரல்கள். தட்டுகள் நின்றதும் மின்சாரம் ஒரு தட்டு வழியாக அடுத்ததற்குப் போக முயலும். எல்லாத் தட்டுகளிலும் பாதை ஒத்துவந்தால் பரிசு விகிதம் ஒரு படி ஏறும். ஒன்றில் பாதை அறுந்தாலும் ஒன்றும் நடக்காது. ஒரு பூட்டின் பல சக்கரங்களும் ஒரே நேரத்தில் பொருந்தி வருவதைப் போல.

ஜெயித்தோமா என்று பார்ப்பதற்கும் ஒரு தட்டு உண்டு. ஒவ்வொரு குழிக்கும் கீழே ஒரு ஸ்விட்ச். பந்து உட்கார்ந்தால் அது மூடும். தேடும் தட்டு சுழன்று, கட்டத்தில் உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். கிடையாக 5, செங்குத்தாக 5, மூலைவிட்டமாக 2 என்று 12 வரிசைகள். எங்காவது அடுத்தடுத்து மூன்று சிக்கினால் தேடல் அங்கேயே நிற்கும். டக் டக் என்று இலவச ஆட்டங்கள் ஏறும். இன்றைய புரோகிராமர் நான்கு வரியில் எழுதும் 'லூப்', அன்று பித்தளையிலும் ஒயரிலும் சுழன்றது.

ஞாபகம் வைத்திருக்கும் சக்கரம்

இதெல்லாம் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். தொடர்ந்து நான்கு பேர் ஜெயித்துவிட்டால் கடைக்காரர் கதி?

அதற்குத்தான் 'ரிஃப்ளெக்ஸ் யூனிட்'. பல்சக்கரத்தில் படிப்படியாக முன்னும் பின்னும் நகரும் ஒரு சாதனம் இது. நாணயங்கள் விழ விழ, இது தாராளமான பக்கம் நகரும். மிக்ஸர் வழியே கூடுதல் பாதைகள் திறக்கும். யாராவது ஜெயித்தால் பின்னோக்கி நகரும், பாதைகள் மூடிக்கொள்ளும். மெஷின் நிறைய விழுங்கியிருந்தால் கை தளரும். நிறைய கொடுத்திருந்தால் பிடி இறுகும். எந்த அளவுக்குத் தாராளம், எந்த அளவுக்குக் கறார் என்பதை உள்ளே இருக்கும் பிளக்குகளை மாற்றிச் செருகி மெஷினின் சொந்தக்காரர் முடிவு செய்யலாம்.

ஒரு தாயக்கட்டைக்கு முந்தைய ஆட்டம் நினைவிருக்காது. இந்த மெஷினுக்கு இருந்தது. இப்போது நாணயம் போடுகிறவரின் வாய்ப்பு, அவருக்கு முன் ஆடியவர் ஜெயித்தாரா, தோற்றாரா என்பதையும் பொறுத்தது. ஆடுபவர்களும் இதை அரைகுறையாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 'ரொம்ப நேரமா இது யாருக்கும் கொடுக்கல, இனிமே கொடுக்கும்' என்ற நம்பிக்கையில் இன்னும் கொஞ்சம் காசு உள்ளே போனது.

'இன்னும் ஒரே ஒரு நம்பர்தான்!'

25 குழிகளிலும் விழ சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், 5 பந்துகள் 53,130 விதமாக விழலாம். அதில் 12 விதங்களில்தான் ஐந்தும் ஒரே வரிசையில் வரும். சராசரியாக 4,400-க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்கு ஒருமுறை.

ஆனால், நின்று ஆடுபவருக்கு அப்படித் தெரியாது. நான்கு பந்துகள் ஒரே வரிசையில் விழுந்துவிட்டன என்றால், கண்ணுக்குத் தெரிவது 'ஒன்றுதான் பாக்கி'. கணக்கில் அது, மிச்சமிருக்கும் 21 குழிகளில் 1. ஐந்தாவது பந்தும் தவறிப்போனால்? அங்கேதான் மெஷின் இன்னொரு ஆசை காட்டுகிறது: இன்னும் நாணயம் போடுங்கள், ஆறாவது பந்து கிடைக்கலாம், ஏழாவது, எட்டாவதுகூட. மறுபடியும் அதே 'லாம்'. பந்துக்காகப் போட்ட காசு பந்தைத் தராமலேயே போகலாம்.

திறமைக்கு இடமே இல்லையா? உண்டு. கம்பியை எந்த வேகத்தில் விடுவது, ஓடும் பந்தைத் திருப்ப மெஷினை எங்கே, எப்போது லேசாகத் தட்டுவது என்பதெல்லாம் பழகியவர்களுக்குக் கைவந்த கலை. ஓவராக ஆட்டினால் 'டில்ட்' விழுந்து அந்த ஆட்டம் பறிபோகும். இந்தத் திறமை நிஜம். அதனால்தான் ஆட்டம் சுவையாகவும் இருந்தது, தோற்றவர் மெஷினை விட்டுவிட்டுத் தன்னையே நொந்துகொள்ளவும் வைத்தது.

பட்டன் காட்டிக்கொடுத்தது

'இது விளையாட்டா, சூதாட்டமா?' என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அன்று கேளிக்கை மெஷினுக்கு ஆண்டு வரி 10 டாலர். சூதாட்ட மெஷினுக்கு 250 டாலர். 1957-ல் கோர்பன் வழக்கில், இலவச ஆட்டத்துக்குப் பணம் தரும் இத்தகைய பின்பால் மெஷின்கள் 250 டாலர் பட்டியலில்தான் வரும் என்று நீதிமன்றம் சொன்னது. உருளை இல்லை, காசு கொட்டும் வாய் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை.

1962-ல் சட்டமே திருத்தப்பட்டது. சூதாட்டச் சாதனம் என்பதன் வரையறை விரிந்தது. 'சூதாட்டத்துக்காகவே வடிவமைக்கப்படாத' பின்பாலுக்கு மட்டும் விலக்கு. அப்படியென்றால் எது எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்குகளில் சுட்டிக்காட்டப்பட்ட அடையாளங்கள் மூன்று: ஒரே ஆட்டத்துக்குப் பல நாணயங்கள் வாங்கும் வசதி, இலவச ஆட்டங்களை அழிக்கும் பட்டன், அழித்ததை எண்ணும் மீட்டர். வெறும் விளையாட்டு மெஷினுக்கு ஜெயித்ததை அழிக்கவும் வேண்டாம், அழித்ததை எண்ணவும் வேண்டாம். கடற்கரைப் படங்கள் மறைத்ததை அந்தச் சின்ன பட்டன் சொல்லிவிட்டது.

அதன் பிறகு அமெரிக்கச் சந்தை சுருங்கியது. பாலி பிங்கோவை உடனே கைவிடவில்லை, 1970-களிலும் தயாரித்தது. கூடவே 1963-ல் 'மனி ஹனி' என்ற மின்சார ஸ்லாட் மெஷினோடு, சூதாட்டம் சட்டபூர்வமான நெவாடாவை நோக்கி நேரடியாகவே நடந்தது. கடலுக்கு அப்பால் பெல்ஜியத்தில் பிங்கோ வேர்பிடித்தது. அங்கே 1999-ல் வந்த சூதாட்டச் சட்டம் இதை மறைக்கவில்லை. சூதாட்டம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஒரு கஃபேயில் அதிகபட்சம் இரண்டு மெஷின் என்று எல்லை போட்டது.

பாவம், நடுவில் மாட்டிக்கொண்டது ஃப்ளிப்பர் பின்பால். 1942-லேயே பின்பாலைத் தடை செய்த நியூயார்க், 1976-ல்தான் தடையை நீக்கியது. ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரசபையினர் முன் மெஷினை ஆடிக் காட்டி, இது திறமைதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

இன்று பழைய பிங்கோ மெஷின்கள் சேகரிப்பாளர்களின் வீடுகளில் இருக்கின்றன. ரிலேக்களின் தொடுமுனைகளைத் துடைத்து, காய்ந்துபோன கிரீஸைச் சுரண்டி, தட்டுகளை மறுபடி சுழல வைக்கிறார்கள். ரிஃப்ளெக்ஸ் யூனிட் இப்போதும் தன் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறது. யாராவது ஜெயித்தால் பிடியை இறுக்குகிறது. அடியில் அந்த பட்டனும் இருக்கிறது. அழுத்தினால் இலவச ஆட்டங்கள் டக் டக் என்று குறைகின்றன. பணம் எண்ணித் தரக் கடைக்காரர்தான் இல்லை.