அடைமொழியும் அளவுகோலும்: பாண்டியன் அறிவுடை நம்பியும் புறநானூற்றின் 184ஆம் பாடலும்

முன்னுரை

ஆள்வோரை அறிவிற் சிறந்தவர் எனப் போற்றுதல் எக்காலத்தும் நிகழ்வது. அப்புகழ்ச்சி அடைமொழியாக நிலைபெற்ற பின்னர் அதனையே அறிவுக்குச் சான்றாகக் கொள்ளும் போக்கும் காணப்படுகிறது. சங்க இலக்கியத்துள் இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடம் பாண்டியன் அறிவுடை நம்பியைப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடலாகும் (புறம். 184). வரி கொள்ளும் முறை பற்றிய அறிவுரையாகவே பெரிதும் எடுத்துக்காட்டப்படும் இப்பாடல், ஆள்வோனின் அறிவு எதனால் அளக்கப்பட வேண்டும் என்னும் வினாவையும் எழுப்புகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் புலமையும்

அறிவுடை நம்பியின் புலமை ஐயத்திற்கு இடமற்றது. புறநானூறு (188), அகநானூறு (28), குறுந்தொகை (230), நற்றிணை (15) ஆகிய நான்கு தொகைகளிலும் அவன் பெயரில் பாடல்கள் உள்ளன. குறுநடை நடந்து வந்து நெய்ச்சோற்றை அளைந்தும் சிதறியும் மேனியிற் பூசியும் மயக்கும் மக்களைப் பெறாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என அவன் பாடிய புறப்பாடல் நுண்ணிய மனப்பாங்கினைக் காட்டுகிறது. எனினும் பாடும் அறிவும் ஆளும் அறிவும் ஒன்றல்ல. குழந்தையின் கையாற் சோறு சிதறுவதைக் கண்டு மகிழ்ந்த அம்மன்னனிடம், யானையின் காலால் நெல் சிதைவதைக் காட்ட வேண்டிய தேவை பிசிராந்தையாருக்கு நேர்ந்துள்ளது.

பிசிராந்தையார் பாண்டி நாட்டுப் பிசிரைச் சார்ந்தவராயினும், தம் கோ யார் என வினவினால் கோழியில் இருந்த கோப்பெருஞ்சோழனையே கூறுவதாகப் பாடியவர் (புறம். 212). எனவே பாண்டியனின் அவையைச் சார்ந்து நின்று புகழும் கட்டாயம் அவருக்கு இருந்ததாகக் கொள்ள இயலாது.

பாடலின் அமைப்பு

பதினோரடிகளைக் கொண்ட இப்பாடல் இரண்டு இணைகளாக அமைந்துள்ளது. முதல் இணை யானையைப் பற்றியது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவிற்குக் குறைந்த நிலத்தின் விளைவும் யானைக்குப் பல நாள்களுக்கு ஆகும். நூறு வயல்களாயினும் யானை தானே புகுந்து உண்டால் அதன் வாயிற் புகுவதைக் காட்டிலும் காலாற் கெடுவது மிகும். இரண்டாம் இணை அரசனைப் பற்றியது. அறிவுள்ள அரசன் முறையறிந்து கொண்டால் நாடு செழிக்கும். மெல்லியனாகிய அரசன் தகுதியறியாது ஆரவாரிக்கும் சுற்றத்தோடு கூடிப் பரிவின்றிப் பொருளை விரும்பினால் அவனும் உண்ணான், உலகமும் கெடும்.

இங்குக் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, நான்கு கூறுகளும் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சங்களால் ஆனவை. நம்பியின் பெயரில் உள்ள அடையே பாடலினுள்ளும் வேந்தனுக்கு அடையாக வருகிறது. ஆயினும் அங்கு அது முறையறிந்து கொள்ளுதல் என்னும் நிபந்தனையோடு பிணைக்கப்படுகிறது. பெயரளவில் உறுதியாக இருந்த பண்பு, பாடலில் செயலால் மெய்ப்பிக்கப்பட வேண்டியதாகிறது.

இரண்டாவது, பாடலில் விளியோ முன்னிலைச் சொல்லோ இல்லை. இரு வகை அரசரும் படர்க்கையிலேயே காட்டப்படுகின்றனர். தான் எவ்வகையினன் என்பதை முடிவுசெய்யும் பொறுப்பு கேட்கும் மன்னனிடமே விடப்படுகிறது.

மூன்றாவது, அறிவின் எதிர்நிலை கல்லாமை எனக் கூறப்படவில்லை. தகுதியறியாச் சுற்றமும் பரிவின்மையுமே மெல்லியனின் அடையாளங்கள். ஆகவே அரசனின் அறிவு அவன் அவையின் தன்மையாலும், கொள்ளப்பட்டபின் வயலில் எஞ்சுவதாலும் அளக்கப்படுகிறது.

தொகையின் சூழல்

இப்பாடலின் முன்னும் பின்னும் உள்ள பாடல்கள் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. ஒரு குடியிற் பிறந்த பலருள்ளும் மூத்தவனை விடுத்து, அறிவுடையவன் காட்டும் வழியிலேயே அரசும் செல்லும் என்கிறான் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் (183). உலகியல் என்னும் வண்டியைச் செலுத்துவோன் திறனற்றவனாயின் அது நாள்தோறும் பகையாகிய சேற்றில் அழுந்தும் என்கிறான் தொண்டைமான் இளந்திரையன் (185). உலகிற்குத் தானே உயிர் என அறிதல் வேந்தனின் கடமை என்கிறார் மோசிகீரனார் (186). இவற்றுள் முதலிரண்டும் அரசர் பாடியவை. அரச பதவி தானாக அறிவைத் தருவதில்லை என்பதை அரசர்களே ஒப்புக்கொண்டமைக்கு இவை சான்றாகின்றன.

கேட்டமைக்கான சான்று

184ஆம் பாடலின் துறை செவியறிவுறூஉ. பொங்குதலின்றிச் சான்றோர் நடுவே அடங்கியிருத்தல் கடன் என அறிவுறுத்துவது இதன் இயல்பு எனச் செய்யுளியல் கூறும். இத்துறையில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய பாடலும் அமைந்துள்ளது (புறம். 35). போர்வெற்றியும் உழுபடையின் விளைவே என்றும், மழை பொய்ப்பினும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும் அவர் நேரே எடுத்துரைக்கிறார். அவர் பழஞ்செய்க்கடனை நீக்கிக்கொண்டார் என்பதை அப்பாடலின் அடிக்குறிப்பு பதிவுசெய்கிறது.

அறிவுடை நம்பியின் பாடற்குறிப்போ, பிசிராந்தையார் அவனிடம் சென்று பாடினார் என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் அவன் அறிவுரையைப் புறக்கணித்தான் எனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் ஏற்றான் எனக் கூறுவதற்கு அவன் பெயர் மட்டுமே போதிய சான்றாகாது. அறிவை அடைமொழியாகப் பெறாத கிள்ளிவளவனுக்கே, அறிவுரை பயன் தந்தமைக்கான பதிவு உள்ளது.

முடிவுரை

அறிவுடை நம்பி என்னும் பெயரைக் கொண்டு அவன் ஆட்சியை மதிப்பிடுதல், புகழ்ச்சியை வரலாறாகக் கொள்வதாகும். மன்னனின் பெயரை மறுக்காமலும் வழிமொழியாமலும், அதனை ஒரு நிபந்தனையாக மாற்றியதே பிசிராந்தையாரின் திறன். இடித்துரைப்பாரைப் பெறாத மன்னன் பகைவர் இல்லாதபோதும் கெடுவான் எனப் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் (45) வள்ளுவர் உரைக்கும் கருத்தும் இம்மரபின் தொடர்ச்சியே. மன்னர்தம் அடைமொழிகளை ஆராய்வோர், அவற்றை அவ்வம்மன்னர்க்குரிய செவியறிவுறூஉப் பாடல்களோடும் அடிக்குறிப்புகளோடும் ஒப்புநோக்கிய பின்னரே சான்றாகக் கொள்ளுதல் தகும்.