தரவு வேலைக்கு ஆலோசகரா, சம்பள ஆளா?

திருப்பூரில் நடுத்தரமான ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு டேலியில், ஆர்டர் விவரம் எக்செலில், ஜாப் ஒர்க் சலான் காகிதத்தில். எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்கிறார் முதலாளி. இதற்கு ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிடுவதா, மாதச் சம்பளத்துக்கு டேட்டா அனலிஸ்ட் ஒருவரை வைப்பதா?

பலரும் முதலில் செலவைத்தான் பார்க்கிறார்கள். ஆலோசகரின் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். பதிவுபெற்ற நிறுவனம் அதைப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் என்றால் சம்பளத்தோடு பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கணக்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். வேலை ஒருமுறை செய்து முடிப்பதா, நாள்தோறும் தொடர்வதா என்பதே முதலில் தெளிய வேண்டியது.

டேலி, எக்செல் விவரங்களை ஒரே தரவுத்தளத்தில் சேர்ப்பது ஒருமுறை வேலை. பல நிறுவனங்களில் அதைச் செய்து பழகிய ஆலோசகர் விரைவாக முடித்துத் தருவார். அதன்பின் வரும் கேள்விகள்தான் கடினம். துணி கிலோ கணக்கில் டையிங்குக்குப் போகிறது. திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கிறது. கட்டிங் முடிந்ததும் கிலோ கணக்கு பீஸ் கணக்காகிவிடுகிறது. கிலோவுக்கு எத்தனை பீஸ் என்பது ஜிஎஸ்எம், சைஸ், ஸ்டைல் என ஒவ்வொன்றுக்கும் மாறும். எக்செலில் தெரியும் குறைவு வழக்கமான ப்ராசஸ் லாஸா, உண்மையிலேயே துணி காணாமல் போனதா? கட்டிங் மாஸ்டரிடமும் மெர்ச்சண்டைசரிடமும் தினம் பேசுகிறவருக்குத்தான் அது பிடிபடும். அதற்குச் சம்பள ஆள் வேண்டும்.

ஆனால் ஒரே ஆளை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. அவர் செய்வதைச் சரிபார்க்க இன்னொருவர் இருக்கமாட்டார். அவர் வேலையை விட்டுப் போனால் எந்தக் கோப்பு எங்கே என்பதே தெரியாது. செய்வதையெல்லாம் எழுதி வைக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும்.

பலர் கவனிக்காத சட்ட விஷயம் ஒன்று. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதும் நிரலின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சேரும். வெளி ஆலோசகர் எழுதியது அப்படியல்ல. எழுத்துமூலம் மாற்றித் தராதவரை அது பொதுவாக அவருடையதே. மாற்றித் தரும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பணம் முழுவதும் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் போதாது.

இந்த அளவு நிறுவனத்துக்கு என் பரிந்துரை இதுதான்: முதலில் ஓர் அனலிஸ்டைச் சேர்த்துவிடுங்கள். அடித்தளம் அமைக்கும் வேலைக்கு மட்டும் ஆலோசகரை அழைத்து, அவரோடு இந்த அனலிஸ்டை உட்கார வையுங்கள். நிரலின் உரிமை, பாஸ்வேர்டுகள், செய்முறைக் குறிப்பு மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.