பச்சிளங் குழந்தையின் இருதயம் மெதுவாகத் துடித்தால்...

மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் பாலக்காட்டு எல்லையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

பிறந்த குழந்தையின் இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 120 முதல் 160 முறை துடிக்கும். பிறந்தவுடன் அது 100-க்குக் கீழே இருந்தால், பெரும்பாலும் கோளாறு இருதயத்தில் அல்ல, மூச்சில்தான். ஆகவே டாக்டர்கள் முதலில் முகமூடியும் பையும் கொண்டு நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்துகிறார்கள். அப்படியும் 60-ஐ எட்டாவிட்டால்தான் மார்பை அழுத்துகிறார்கள். முதல் நிமிஷத்திலேயே இது தொடங்க வேண்டும். லயத்து வீட்டில் பிரசவம் கூடாது என்பது இதனால்தான்.

மலைக் குளிரும் துடிப்பைக் குறைக்கும். குழந்தையின் ஈரத்தைத் துடைத்து, தாயின் மார்போடு அணைத்துப் போர்த்த வேண்டும்.

அபூர்வமாக, தாயின் ரத்தத்திலுள்ள சில எதிர்ப்பொருள்கள் கருவிலேயே சிசுவின் இருதய மின்பாதையைக் கெடுத்துவிடுவதுண்டு. இத்தகைய குழந்தைகளில் பலருக்குப் பேஸ்மேக்கர் தேவைப்படும். பிறவி இருதயக் கோளாறுள்ள குழந்தைகளின் இலவசச் சிகிச்சைக்கென்றே கேரள அரசு 2017-ல் 'ஹிருத்யம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் கேட்கலாம்.

உறக்கத்தில் துடிப்பு சற்றுக் குறைவது இயல்பே. ஆனால் பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.