பட்டிக்கு வழி எங்கே?

காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை என்றும், ஆநிரை காத்தல் அந்நிலத்தாரின் தொழில் என்றும் இலக்கண நூல்களிற் படிக்கின்றோம். அவ்வாழ்வை ஏட்டில் மட்டுமன்றிக் கண்ணாரவும் காணக்கூடிய இடம் நம் வன்னி நாடு.

மாட்டு மந்தையை வன்னி மக்கள் ‘பட்டி’ என்பர். புரட்டாதி, ஐப்பசியிற் காலபோக விதைப்புத் தொடங்கும். பயிர் நிற்கும் வயலருகே பட்டி நிற்றல் ஆகாது. ஆகவே பட்டிக்காரர் மாடுகளைக் காட்டோரப் புல்வெளிகளுக்குச் சாய்த்துச் செல்வர். அறுவடை முடிந்ததும் தாள் மேய மாடுகள் வயலுக்குத் திரும்பும். அவற்றின் எரு மண்ணுக்கு உரமாகும். கோடையில் நீர் வற்றிய குளங்களின் அலைகரைகளே மேய்ச்சற்றரை. வேலியும் உறுதியும் இல்லாத இவ்வொழுங்கை ஊர்வழக்கமே காத்து வந்தது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன், நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்முன் மூதாட்டியாய்த் தோன்றினாள் என்பது ஐதிகம். மேய்ப்பர் வாழ்வு இம்மண்ணில் எத்துணை ஊறியது என்பதற்கு இஃதொன்றே சான்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் எழுந்தது. 1930களிற் கிளிநொச்சிக் குடியேற்றம் வந்தது. காடு வயலாயிற்று; பட்டிகள் விலகி வேறிடம் தேடின. பின்னர் வந்த போர், 2009 மே மாதம் அதே நந்திக்கடலோரம் முடிந்தது. மக்கள் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டனர். மாடுகள் காடெங்கும் கட்டாக்காலிகளாய்த் திரிந்தன. மீண்டு வந்தோர், சுட்ட குறியைப் பார்த்துத் தம் மாட்டைத் தேட வேண்டியதாயிற்று.

இன்றைய இடர் வேறு. முன்னர் மேய்ந்த காட்டோரங்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள் நிற்கின்றன. அலைகரைகள் சிலவற்றிலும் பயிர் ஏறிவிட்டது. சிலர் பட்டியைக் குறைத்து, நல்லினப் பசுக்கள் இரண்டு மூன்றைக் கொட்டிலிற் கட்டி, புல் வளர்த்துப் பால் விற்கின்றனர். நல்வழியே, ஆயினும் நூறு மாடுடையவர் என் செய்வார்?

வயலுக்கு உறுதி உண்டு. காட்டுக்கு எல்லை உண்டு. பட்டி மேயும் தரையோ பலவிடத்தும் எவர் பெயரிலும் எழுதப்படவில்லை. ஆதலின் கேட்பாரின்றிக் கைமாறுகின்றது. ஒவ்வோர் ஊர்ப்பகுதியிலும் மேய்ச்சற்றரையையும், அங்கே மாடு செல்லும் வழியையும் அளந்து பதிவு செய்தல் வேண்டும் என்பதே யாம் வேண்டுவது.

கண்டி வீதியிலே மாலை வேளையில் மாடுகள் குறுக்கிட்டால் நாம் சினக்கின்றோம். மாணவச் செல்வங்களே! அடுத்த முறை, அவை முன்னர் எவ்வழியாகச் சென்றன என்று வீட்டிலுள்ள பெரியோரைக் கேட்டுப் பாருங்கள்.