சொந்த மண்ணில் நழுவிய கோப்பை

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு விலைக்கு அடுத்தபடியாகப் பேச்சு என்றால் அது கால்பந்தாட்டம்தான். அங்கே மூட்டை தூக்கும் தமிழரையும் கணக்கு எழுதும் தமிழரையும் அந்தப் பைத்தியம் விட்டுவைப்பதில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் என்ற பெயரை எடுத்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் 2016-க்கு வந்து சேரும்.

அந்த ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது யாருக்கும் நம்பிக்கை இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களிலும் 0-1 என்று தோல்வி. மூன்றாவது, கோல் இல்லாத சமநிலை. பயிற்சியாளர் ஸ்டீவ் காப்பெல், ஒரு காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கும் இங்கிலாந்துக்கும் ஆடியவர், அதிகம் பேசாதவர். அக்டோபர் 14-ந் தேதி கலூர் ஜவகர்லால் நேரு மைதானத்தில் மும்பையை 1-0 என்று வென்ற பிறகு காற்று திசை மாறியது.

பெங்களூரு அணியில் வேலை முடிந்து கண்ணூர்க்காரர் சி.கே.வினீத் நவம்பரில் வந்து சேர்ந்தார். பிறகு கேட்பானேன்! நவம்பர் 8-ந் தேதி கோவாவை 2-1 என்று வீழ்த்தினார்கள். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும் அதே இரவுதான். நான்கு நாள் கழித்துச் சென்னை அணி வந்தது. மட்டாஞ்சேரித் தமிழருக்கு யார் பக்கம் கை தட்டுவது என்ற தர்மசங்கடம். முதல் கோல் சென்னைக்கு; ஆனால் கடைசிக் கட்டத்தில் வினீத் இரண்டு கோல் போட, 3-1 என்று கேரளா ஜெயித்தது.

அடுத்த வாரமே மும்பையில் 0-5 என்று செம அடி. ஆனாலும் கொச்சியில் ஆடிய முதல் ஆட்டத்துக்குப் பிறகு லீக் சுற்றில் அங்கே தோல்வியே இல்லை. லீக் சுற்றின் முடிவில் 22 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். ஒரு வேடிக்கை: 14 ஆட்டங்களில் அவர்கள் போட்டது 13 கோல், வாங்கியது 15. பெற்ற ஆறு வெற்றிகளில் ஐந்து, ஒரே கோல் வித்தியாசத்தில். அதாவது, ஒற்றைக் கோலை வைத்தே குடித்தனம் நடத்திய அணி அது. அரையிறுதியில் டில்லியை வென்றதும் பெனால்டி உதைகளில்தான்.

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. இறுதி ஆட்டம் கொச்சியிலேயே. மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது அடுத்த ஆண்டுதான் என்பதால், மேற்குக் கொச்சிக்காரர்கள் தோப்பும்படி வழியாகப் பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் போய்ச் சேர வேண்டியிருந்தது. மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் சட்டை. உரிமையாளர்களில் ஒருவரான சச்சின் டெண்டுல்கரும் வந்திருந்தார்.

எதிரி, கொல்கத்தா. 2014 இறுதியில் காயநேரத்தில் முகம்மது ரபீக் போட்ட ஒரே கோலால் கேரளாவைக் கவிழ்த்த அதே அணி. அந்த ரபீக் இப்போது கேரளா பக்கம்! அன்று கொல்கத்தா அணியில் இருந்த முகம்மது ராபியும் கேரளா பக்கம். 37-வது நிமிடத்தில் ராபி தலையால் முட்டி கோல் போட்டார். மைதானமே அதிர்ந்தது. ஏழே நிமிடம். கொல்கத்தாவின் செரெனோ, அவரும் தலையால்தான், சமன் செய்துவிட்டார். அப்புறம் கூடுதல் நேரம் முடிந்தும் கோல் விழவில்லை.

பெனால்டி உதைகள். முன்பு கேரளாவின் செல்லப்பிள்ளையாக இருந்த இயன் ஹியூம் கொல்கத்தாவுக்காக உதைத்ததை ஸ்டாக் தடுத்தபோது கோப்பை கைக்கு வந்துவிட்டது போலவே இருந்தது. என்டோய் பந்தை மேலே தூக்கி அடித்தார். ஹெங்பார்ட்டின் உதையை தேவ்ஜித் மஜும்தார் காலால் தடுத்தார். ஜுவல் ராஜா உதைத்த பந்து வலைக்குள் போனது. 4-3. மஞ்சள் கூட்டம் வாயடைத்து நின்றது.

காப்பெல் அடுத்த பருவத்தில் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். கேரளா மறுபடி இறுதிக்கு வர 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோவாவில், ஹைதராபாத்துக்கு எதிராக. அங்கும் முதலில் கோல் போட்டது கேரளாதான், அங்கும் 1-1, அங்கும் பெனால்டி உதைகள். இந்தத் தடவை 1-3.