உஷார்! எல்லா வயிற்று உப்புசமும் ‘கேஸ்’ இல்லை

பெண்களே, உங்கள் பாவாடை நாடாவைக் கவனியுங்கள்!

பெங்களூர் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸுக்குப் பூ வாங்கப் போகும்போதெல்லாம் பெரியம்மாவும் என்னுடன் வருவார். ஒருநாள் நடைபாதையிலேயே நின்று, “நாடா இறுக்கறதுடி, மூச்சு முட்டறது” என்றார். முகம் ஒட்டிப்போய்க் கழுத்தெலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் ஏறியிருந்தது. மூன்று இட்லி சாப்பிடுகிறவர் அரை இட்லியோடு கை கழுவினார். ராத்திரி நாலு தடவை பாத்ரூம். “வயசாச்சு, வாயுதான்” என்றோம். சீரகத் தண்ணீர், ஓமம், கேஸ் மாத்திரை என்று நாலு மாதம் ஓடிவிட்டது. ஸ்கேன் எடுத்தால் வயிறு முழுக்க நீர். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை.

அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், கருப்பைவாய்க்கு அடுத்த இடம் சினைப்பைப் புற்றுநோய்க்குத்தான். சினைப்பை ஒரு பாதாம்பருப்பு அளவுதான். இடுப்புக்குழிக்குள் ஆழத்தில் இருப்பதால் ஆரம்பக் கட்டி கைக்குத் தட்டுப்படாது. அதனால் பெரும்பாலோருக்கு முற்றிய பிறகே தெரியவருகிறது. சினைப்பையோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள்.

உப்புசம், சீக்கிரமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர். இவை எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் அப்படித்தான். அம்மா, அக்கா, அத்தை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும்.

“போன வருஷம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன்” என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது கருப்பைவாய்க்கான சோதனை. சினைப்பைக்கு வேண்டியது டாக்டரின் நேரடிப் பரிசோதனை, ஸ்கேன், சி.ஏ.-125 ரத்தப் பரிசோதனை. அந்த ரத்த எண் கூடியதுமே இடிந்துபோகவும் வேண்டாம். வயிற்றுக் காசநோயிலும் அது கூடும், வயிற்றில் நீரும் கட்டும். எண் சரியாக இருந்தாலும் தொந்தரவு நிற்காவிட்டால் மறுபடி போங்கள்.

கட்டி என்று வந்து, புற்றோ என்ற சந்தேகமும் இருந்தால், கிடைத்த இடத்தில் அவசரமாக ஆபரேஷன் வேண்டாம். முதலில் மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணரைப் பாருங்கள். உள்ளே கட்டி உடைந்தால் நோய் பரவக்கூடும். முதல் பரிசோதனைக்கு இங்கே மல்லேஸ்வரத்திலேயே கே.சி. ஜெனரல் அரசு மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே ஓசூர் ரோட்டில் கித்வாய் மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் அம்மாவோ மாமியாரோ சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், எத்தனை நாளாக இப்படி என்று இன்றைக்கே கேளுங்கள். 12 நாளுக்கு மேல் என்றால் கூடவே டாக்டரிடம் போங்கள். டாக்டர் கேஸ் மாத்திரை எழுதும்போது, “ஓவரியையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாமா?” என்று நீங்களே கேளுங்கள்.