வெள்ளி ரூபாயும் கரும்புள்ளியும்

துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் சொல்லவந்தது வேட்டையைப் பற்றியன்று. வீட்டுக் கொல்லையில் காற்றுத் துப்பாக்கியைக் கொண்டு குறி பழகும் விளையாட்டைப் பற்றியே.

கடலூரை அடுத்த குடிகாட்டில் நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் உண்டிவில் உண்டு, கூழாங்கல்லும் உண்டு. இல்லாதது குறி ஒன்றுதான். ஆகவே மைனாவும் அணிலும் குறியாகிவிடுகின்றன. சென்ற பங்குனியில் ஒரு பையன் சிறகொடிந்த மைனாவைத் துண்டில் பொதிந்துகொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அடித்தவனும் அவனே, அழுதவனும் அவனே. பறவைகளைக் கொல்வதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்று அப்போது அவனிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. “குறி பார்க்க ஆசையாயிருந்தது, சார்” என்றான். மைனா மூன்றாம் நாள் இறந்தது.

அந்த ஆசைக்கு ஒரு காகிதக் குறி போதுமே என்று தோன்றியது. நம் மைத்துனரிடம் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. துவாரம் 0.177 அங்குலத்துக்கும், விசை 20 ஜூலுக்கும் மேற்படாதவற்றுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்காகப் பெரியவர் அருகில் இல்லாமல் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துவிடலாகாது.

முதல் குறியை நாமே கெடுத்தோம். தென்னை மரத்தில் ஒரு தகர மூடியை அறைந்து மைத்துனர் சுட்டார். ‘டங்’ என்ற ஓசை கேட்டது. அடுத்த கணம் ஈயக் குண்டு திரும்பி வந்து நம் மூக்குக் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி கீறியதோடு போயிற்று. அன்றே தெரிந்துகொண்டோம்: குறியைக் காட்டிலும் குறிக்குப் பின்னால் இருப்பதுதான் முக்கியம். தகரம், கல், செங்கல் சுவர், கெட்டி மரம் ஆகிய எதுவும் உதவாது.

பிறகு செய்தது இதுதான். மளிகைக் கடை அட்டைப் பெட்டி ஒன்றில் பழைய பத்திரிகைகளையும் கிழிந்த புடவைகளையும் இடைவெளியின்றித் திணித்தோம். அதன் பின்னால், பரல் இல்லாமல் சலித்த மணலை அரிசிச் சாக்குகளில் நிரப்பி, ஆள் உயரத்துக்குச் சுவர்போல் அடுக்கினோம். எங்கள் பக்கத்தில் மணலுக்கா பஞ்சம்! ஒரே இடத்தில் பல குண்டுகள் பாய்ந்தால் பெட்டியின் நடுவில் பள்ளம் விழும். அவ்வப்போது திணிப்பை மாற்ற வேண்டும்.

குறிக்கு எம் பாட்டியின் பெட்டியிலிருந்த ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய் உதவியது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். பத்து மீட்டர் ரைபிள் பந்தயத்தில் சுடும் கரும்புள்ளிக்கும் அதே அளவுதான்! ரூபாயைக் காகிதத்தில் வைத்து வட்டம் போட்டு, மையால் நிரப்பி, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒட்டினால் முடிந்தது. பந்தயத்தில் பத்து எண் பெறும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். அதைத் துளைக்கும் குண்டோ நாலரை மில்லிமீட்டர்.

கடலூரில் 1999-இல் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றது இந்தப் பத்து மீட்டர் பந்தயத்தில்தான். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகள் சுட்டு அவர் பத்தாவதாக நின்றார். இறுதிச் சுற்றில் எட்டுப் பேருக்குத்தான் இடம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் அந்தப் புள்ளியை மரியாதையோடு பார்த்தார்கள்.

குண்டே இல்லாமலும் பழகலாம். துப்பாக்கியை மடக்கி விசையேற்றாமல், வெள்ளைச் சுவரில் பென்சிலால் இட்ட ஒரு புள்ளியை நோக்கி மூச்சடக்கி நின்றாலே போதும். கை ஆடுவது தெரிந்துவிடும். குண்டுகள் ஈயமாதலால் விளையாட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நம் வீட்டில் யாருக்கும் பலகாரம் கிடையாது.

மைனாவைக் கொண்டுவந்த பையன் சுட்ட முதல் ஐந்தில் இரண்டே காகிதத்தில் பட்டன. துளைகளின்மேல் சோற்றுப் பருக்கையால் துண்டுக் காகிதம் ஒட்டி, “இன்னொரு தரம், சார்” என்றான்.